நூற்றுக்கு நூறு என்று எழுதியவள்

செஞ்சி கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜ்வாலாமாலினியைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்கமாத்திரை கேட்டு வம்பு வளர்க்கிறவனைக்கூடக் குரலை உயர்த்தாமல் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் போன வருஷம் முழுக்கக் கோபத்திலேயே இருந்தாள். அந்தக் கோபம் ஒரு டானிக் பாட்டிலில் ஆரம்பித்தது.

மே மாசம். வெயிலில் மலைப்பாறையெல்லாம் அடுப்புக்கல்லாகத் தகித்துக்கொண்டிருந்தது. வல்லத்துக்கு அந்தாண்டை ஒரு கிராமத்திலிருந்து தன் புருஷன் இருதயநாதனுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வரும் அமலோற்பவம் அன்றைக்கும் வந்தாள். மாத்திரையைப் பைக்குள் போட்டவள் கிளம்பாமல் நின்றாள். கடையில் இருந்த மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. அவர்கள் படியிறங்கியதும் கண்ணாடி மேஜைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்மா, ஞாபகசக்திக்கு டானிக் இருக்குதாமே. நல்லதா ஒண்ணு குடுங்களேன்."

"யாருக்கும்மா?"

"பொண்ணுக்கு. அருள்ஜோதிக்கு. ஒம்பதாவது படிச்சிது. மூளை பத்தலன்னு டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க."

எந்தப் பள்ளி என்று ஜ்வாலாமாலினி கேட்டாள். அமலோற்பவம் சொன்னது திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் பள்ளி. ஜ்வாலாமாலினியின் அண்ணன் சீதளநாதன் அதற்குத் தாளாளர். ஜ்வாலாமாலினி அதன் நிர்வாகக் குழுவில் ஏழு உறுப்பினர்களில் ஒருத்தி. அமலோற்பவத்துக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த அம்மாள் மாத்திரையைச் சரியாக எண்ணிக் கொடுப்பாள், காலை வேளை எது, ராத்திரி வேளை எது என்று பொறுமையாகச் சொல்வாள் என்பதுதான். அந்த நம்பிக்கையில் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

பரீட்சை முடிந்ததும் தலைமை ஆசிரியர் புருஷனையும் பெண்டாட்டியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். உங்கள் பெண் பத்தாவதில் பாஸாக மாட்டாள், ஃபெயிலானால் உங்களுக்குத்தான் அசிங்கம், இப்போதே வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். நாங்களே விரும்பி வேறு பள்ளியில் சேர்க்கிறோம் என்று எழுதிய காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் போன இடத்திலெல்லாம், பத்தாவதுக்கு முன்னாடி ஒரு பள்ளி வெளியே அனுப்பிய பிள்ளையை நாங்கள் எதற்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். அருள்ஜோதி புத்தகத்தையெல்லாம் சாக்கில் கட்டி மாட்டுக்கொட்டாயில் போட்டுவிட்டாள். யாரோடும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் டானிக் சொன்னாளாம்.

"உம்பொண்ணு மட்டுந்தானா?"

"இல்லம்மா, நெறைய பேரு. கடைசி பெஞ்சுல இருந்ததுங்க அத்தினியையும் அனுப்பிட்டாங்க."

அந்த டானிக் ஜ்வாலாமாலினியின் கடையில் வரிசையாக அடுக்கியிருந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அது வெறும் இனிப்புத் தண்ணீர், உன் பெண்ணுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். இவளும் இல்லை என்று சொல்லிவிட்டாளே என்கிற முகத்தோடு அமலோற்பவம் படியிறங்கிப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஜ்வாலாமாலினி கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். 

அவளை அப்படி உட்காரவைத்தது ஜனவரியில் நடந்த ஒரு காரியம். பொங்கல் கழிந்த வாரம் நிர்வாகக் குழு முழுவதும் புதுச்சேரியில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து பள்ளிக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டது. ஏற்பாடெல்லாம் சீதளநாதனின் மகன் கோமதேஷ். பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து குழுவில் சேர்ந்திருந்தான். அவன் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்திருந்தான். ஆலோசகர் ஆளுக்கு ஒரு கலரில் சீட்டுக் கொடுத்து, ஐந்து வருஷம் கழித்து இந்தப் பள்ளியைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்ள வேண்டும், ஒரே வரியில் எழுதுங்கள் என்றார்.

ஜ்வாலாமாலினிக்கு வந்தது மஞ்சள் சீட்டு. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று எழுதினாள். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பாஸாக வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினாள். ஆலோசகர் அந்தச் சீட்டை எடுத்துப் பலகையின் நடுவில் ஒட்டி, இதுதான் இலக்கு, இதைத்தான் அளக்க முடியும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்துக் கட்டத்தில் பொறுப்பு என்ற இடத்தில் தலைமை ஆசிரியர் என்று எழுதினார்கள். காலம், அடுத்த வருஷத்துப் பொதுத்தேர்வு. எப்படி என்ற கட்டத்துக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. குழுவில் பெரும்பாலானவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டிய ஜைனக் குடும்பத்துக்காரர்கள். அதைத் தலைமை ஆசிரியரே பார்த்துக்கொள்வார் என்று எழுதிவிட்டு எழுந்து போனார்கள். ஜ்வாலாமாலினியும்தான் எழுந்து போனாள்.

அமலோற்பவம் வந்துபோன மறுநாள் காலை ஜ்வாலாமாலினி பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியர் காமராஜ் கெட்ட மனுஷர் இல்லை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அவள் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். பதினோரு பேர். எல்லாரும் கணக்கிலும் அறிவியலிலும் தேறாதவர்கள். எல்லாரிடமும் பெற்றோரே கேட்டுக்கொண்ட மாதிரி எழுதி வாங்கியாகிவிட்டது.

"இதுக்குப் பேரு என்ன சார்?" என்றாள் ஜ்வாலாமாலினி.

"நம்பரை நீங்க குடுத்தீங்க மேடம். எப்படிக் கொண்டுவருவேன்னு யாரும் கேக்கல. சுத்தி இருக்கற ஸ்கூல்ல எல்லாம் இப்படித்தான் கொண்டுவர்றாங்க. இல்லாட்டி அடுத்த வருஷம் அந்த நாற்காலியில வேற ஆளு உக்காந்திருப்பான்."

அவரைத் திட்டலாம் என்று வந்தவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. அதனால் கோபம் இரண்டு பங்காயிற்று. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

சீதளநாதன் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மடிக்கணினியோடு கோமதேஷ். வந்ததும் வராததுமாகத் தங்கை பேசிய வேகத்தைப் பார்த்து அவர் முதலில் செய்தது கதவைச் சாத்தச் சொன்னதுதான். அதற்கப்புறம் அவருடைய வழக்கமான மெல்லிய குரலில் விளக்கினார். திண்டிவனம் ரோட்டில் புதிதாக வந்த பள்ளி நூறு சதவீதம் என்று பேனர் வைக்கிறது. நம்மிடம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. சேர்க்கை நின்றுபோனால் பள்ளியை மூட வேண்டியதுதான். அப்போது பதினோரு பேர் இல்லை, அத்தனை பேரும் வெளியே. அதை யோசித்தாயா என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் ஜ்வாலாமாலினியை இன்னும் கொதிக்க வைத்தது.

"ஸ்கூலக் காப்பாத்தறதுக்குப் புள்ளைங்கள வெளிய தள்ளறதா அண்ணா? அப்புறம் யாருக்காக அந்த ஸ்கூலு?"

"அத்தை, எமோஷனலா பார்க்காதீங்க," என்றான் கோமதேஷ். "திட்டம்னு ஒண்ணு இருந்தா, கஷ்டமான முடிவும் இருக்கும். அதான் பிளானிங்."

"உங்கிட்ட நான் பேசல," என்றாள் அவள்.

சீதளநாதன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "மாலினி, அந்த நூறை எழுதுனது நீ. நெனப்பு இருக்குதில்ல?"

 அவள் எழுந்து வந்துவிட்டாள். வரும் வழியில் ஸ்கூட்டரை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிறுத்தி, ஓரமாக நின்று தண்ணீர் குடித்தாள். அண்ணன்மேல் வந்த கோபம் ஒன்று, தன்மேல் வந்த கோபம் ஒன்று. எது பெரிசு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து அமலோற்பவத்தின் ஊருக்குப் போனாள். மருந்துக்கடை அம்மாள் வீடு தேடி வந்ததில் அவர்கள் பதறிப்போனார்கள். நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காராமல், அந்தத் திட்டத்தைப் போட்ட ஆட்களில் நானும் ஒருத்தி என்று முதலில் சொன்னாள். இருதயநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 

"அப்ப நீங்களே வந்து கூட்டிக்கினு போய் சேத்து விடுங்க," என்றார் இருதயநாதன் கடைசியில். கோபமாகச் சொன்னாரா, கெஞ்சிச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அருள்ஜோதி உள்ளறை வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான பெண். உனக்கு எந்தப் பாடம் கஷ்டம் என்று ஜ்வாலாமாலினி கேட்டாள். கணக்கு என்றாள். எதிலிருந்து கஷ்டம் என்று கேட்டதற்கு அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பின்னம் வராது. ஆறாவதுல சொல்லித்தரல. அப்ப எங்களுக்குக் கணக்கு டீச்சரே கெடையாது. ஏழாவதுலயும் கெடையாது. பி.டி. மாஸ்டர் வந்து உக்காந்திருப்பாரு, எதுனா எழுதிக்கினு இருங்கன்னு சொல்லுவாரு."

ஜ்வாலாமாலினிக்கு அந்த இடத்திலேயே ஞாபகம் வந்தது. கணக்கு டீச்சர் கல்யாணமாகி ஓசூருக்குப் போனார். அந்த இடத்துக்கு ஆள் போட வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தபோது, முதலில் வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு, ஆள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஸ்மார்ட் போர்டு ஊர்க்காரர்கள் கண்ணில் படும். கணக்கு டீச்சர் படமாட்டார். அந்தத் தீர்மானத்திலும் அவள் கையெழுத்து இருக்கிறது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். தாங்களே பிள்ளைகளை மக்காக்கிவிட்டு, மக்கு என்று சொல்லித் தாங்களே வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டால் குழுவைக் கூட்டியாக வேண்டும் என்று விதி இருந்தது. ஜ்வாலாமாலினி இரண்டு பேரைப் பிடித்தாள். ஒருவர் செஞ்சி கோர்ட்டில் வக்கீலாக இருந்து ஓய்வுபெற்ற பீமாராவ். கொஞ்சம் காது மந்தம், ஆனால் சட்டம் விரல்நுனியில். இன்னொருத்தி ஆசிரியர் பிரதிநிதி எலிசபெத், தமிழ் டீச்சர். எலிசபெத் கையெழுத்துப் போடுவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. என் வேலை மேடம், என்று இரண்டு தரம் சொன்னாள். ஆனாலும் போட்டாள்.

கூட்டம் பள்ளி நூலக அறையில் நடந்தது. விடுமுறை என்பதால் வெளியே மைதானம் காலியாகக் கிடந்தது. சீதளநாதன் தலைமை. அவருக்கு இருபுறமும் அவர் சொல்லுக்குத் தலையாட்டுகிற இரண்டு வியாபாரி உறவுக்காரர்கள். எதிரே கோமதேஷ், பீமாராவ், எலிசபெத், ஜ்வாலாமாலினி. ஓரத்தில் காமராஜ்.

பதினோரு பிள்ளைகளையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஜ்வாலாமாலினி தீர்மானம் கொண்டுவந்தாள். கோமதேஷ் அரைமணி நேரம் பேசினான். இலக்கு, அளவுகோல், போட்டி, பிராண்ட் என்று சொன்னான். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எலிசபெத் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இந்தப் புள்ளைங்க ஆறாவது, ஏழாவது படிச்சப்ப இவங்களுக்குக் கணக்கு எடுத்தது யாரு?"

எலிசபெத் தாளாளரைப் பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்தாள். "யாருமில்ல மேடம்," என்றாள். "ரெண்டு வருஷமும் ஆளு போடல. பி.டி. மாஸ்டர்தான் பாத்துக்கிட்டாரு."

 இரண்டு உறவுக்காரர்களில் ஒருவர் இருமினார். ஜ்வாலாமாலினி எழுந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்ததை அந்த அறையில் இருந்தவர்கள் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"டீச்சர் போடாதது நாம. ஃபெயிலானது அவங்க. டி.சி. வாங்குனதும் அவங்க. அண்ணா, நீங்க செஞ்சது சரின்னா அதை அப்படியே தீர்மானமா எழுதுங்க. நூறு வேணும்னு பதினோரு பேரை அனுப்பிட்டோம்னு எழுதுங்க. அடுத்த வருஷம் பேனர் வெப்பீங்கல்ல, அதுலயும் போடுங்க. நான் முதல் கையெழுத்துப் போடறேன்."

யாரும் எழுதவில்லை. எழுத மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சீதளநாதன் அவளைப் பார்க்காமல், தீர்மானத்தை ஓட்டுக்கு விடலாம் என்றார். ஜ்வாலாமாலினி கை தூக்கினாள். பீமாராவ் பக்கத்தில் குனிந்து என்ன விஷயம் என்று ஒருதரம் கேட்டு உறுதிசெய்துகொண்டு கை தூக்கினார். எலிசபெத்தின் கை மடியிலேயே இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் கை எழவில்லை.

தீர்மானம் தோற்றது. வெளியே வந்ததும் எலிசபெத் பின்னாலேயே ஓடிவந்து, மேடம், எனக்கு ரெண்டு புள்ளைங்க, என்று ஏதோ சொல்ல வந்தாள். ஜ்வாலாமாலினி நின்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவள் யாரையும் மன்னிக்கிற நிலையில் இல்லை.

பீமாராவ்தான் அவள் ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்து ஒரு யோசனை சொன்னார். டி.சி. என்பது பெற்றோர் கேட்டால்தான் கொடுக்க வேண்டியது. கேட்டது நாங்கள் இல்லை, கேட்க வைத்தார்கள் என்று அந்தப் பெற்றோர் சொல்லிவிட்டால், அதை எடுத்துக்கொண்டு கல்வி அதிகாரியிடம் போனால், பள்ளியின் அங்கீகாரமே கேள்விக்கு வரும். அதை உங்கள் அண்ணனிடம் நானே எடுத்துச் சொல்கிறேன், ஆனால் பெற்றோர்கள் நிற்க வேண்டும், நிற்பார்களா என்று கேட்டார்.

பள்ளி திறப்பதற்குள் ஜ்வாலாமாலினி கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனாள். சில வீடுகளில் உடனே சரி என்றார்கள். சில வீடுகளில் பயந்தார்கள். சீயமங்கலம் பக்கத்தில் ரத்தினம்மாள் என்றொருத்தி வீட்டில் நடந்ததை மட்டும் அவள் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தினம்மாள் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மகன் நவீன் எங்கே என்று கேட்டதற்கு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றாள். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்க்க ஏற்பாடு செய்கிறோம், அவனைக் கூப்பிடுங்கள் என்று ஜ்வாலாமாலினி சொன்னாள். ரத்தினம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்ட்டா வரமாட்டான். உம்புள்ள எதுக்கும் லாயக்கில்லன்னு அவன் எதிர்லயே சொன்னாங்க. நானும் வாய மூடிக்கினு கையெழுத்துப் போட்டேன். அன்னியிலேர்ந்து அவன் என் மூஞ்சியப் பாக்கல. அனுப்புனதும் நீங்க, கூப்பிடறதும் நீங்க. உங்களுக்கு மனசு ஆறணும்னு எம்புள்ளய இழுக்காதீங்க. போங்கம்மா."

ஜ்வாலாமாலினி போய்விட்டாள்.  அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை. அந்தக் கோபத்துக்குப் பக்கத்தில் தன் கோபம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அடுத்த ஊருக்குப் போனாள்.

பள்ளி திறந்த அன்றைக்கு ஏழு பிள்ளைகள் வந்தார்கள். பழைய யூனிஃபார்ம், எண்ணெய் வைத்து வாரிய தலை. கூட அவர்களுடைய அப்பா, அம்மாக்கள். வாசல் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். வாட்ச்மேனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காரில், ஆட்டோவில், பஸ்ஸில் வந்து இறங்கிய மற்றப் பெற்றோர்களும், என்ன விஷயம் என்று கேட்டுக் கேட்டு நின்றுவிட்டார்கள். டி.சி.யைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று அமலோற்பவம் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி டானிக் கேட்ட அதே அமலோற்பவம்தான்.

சீதளநாதன் கார் வந்தது. இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"குடும்ப மானத்த வீதியில போட்டுட்ட. குழுவிலேர்ந்து நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு."

"மாட்டேன். நீங்களே நீக்குங்க. எதுக்காக நீக்கறீங்கன்னு காரணம் எழுதி நீக்குங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பீமாராவ் வந்து சேர்ந்துவிட்டார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தாளாளரின் காதருகே கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார் என்பது மரத்தடியில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. அங்கீகாரம் என்ற சொல் வந்தது. அதிகாரி என்ற சொல் வந்தது. சீதளநாதன் காமராஜைக் கூப்பிட்டு, சேர்த்துக்கோ, என்று ஒரு வார்த்தை சொன்னார். காரில் ஏறித் திரும்பிப் போய்விட்டார்.

கேட் திறந்தது. அருள்ஜோதி உள்ளே போகும்போது பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோர்கள் ஜ்வாலாமாலினியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. தப்பு என்று உணர்ந்து சேர்த்திருந்தால் அது வேறு. அங்கீகாரம் போய்விடும் என்று பயந்து சேர்த்தார்கள். பயம் போன மறுவருஷம் மறுபடியும் இதையே செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதனால் அவள் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் ஐந்தாண்டுத் திட்டத்தைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவந்தாள். நடுவில் ஒட்டிய அந்த வரியை நான்தான் எழுதினேன், நானே எடுக்கிறேன் என்றாள். அதற்குப் பதிலாக இரண்டு வரி வேண்டும் என்றாள். ஆறாவதில் சேர்கிற பிள்ளை தானாக விரும்பிப் போனால் ஒழிய, பத்தாவது பரீட்சை எழுதித்தான் இங்கிருந்து போக வேண்டும். எந்த வகுப்பிலும் ஆசிரியர் இல்லாத பாடம் ஒரு மாசத்துக்குமேல் இருக்கக் கூடாது. கோமதேஷ் இதையெல்லாம் எப்படி அளப்பது என்று கேட்டான். நாற்காலி காலியா இல்லையா என்று போய்ப் பார், அதுதான் அளவு என்றாள்.

இழுபறி மாசக்கணக்கில் போயிற்று. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது வரி நிறைவேறியது. முதல் வரியை, இயன்றவரை என்ற சொல்லைச் சேர்த்தால்தான் ஒத்துக்கொள்வோம் என்றார்கள். அந்தச் சொல்லை அவள் மூன்று கூட்டங்களில் எதிர்த்தாள். நாலாவது கூட்டத்தில் எலிசபெத் அவள் பக்கம் கை தூக்கினாள். உறவுக்காரர்களில் ஒருவரும் தலையைக் குனிந்துகொண்டே தூக்கினார். அவருடைய பேரன் அந்த வருஷம் எட்டாவதில் கணக்கில் திணறிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரியவந்தது. எப்படியோ அந்தச் சொல் போயிற்று.

காமராஜ் சாயங்காலத்தில் அந்த ஏழு பேரையும் உட்கார வைத்து ஆறாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. ஒருநாள் மருந்துக்கடைக்கு வந்து, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, பின்னம் மட்டும் சொல்லிக் குடுத்துட்டா மீதி தன்னால வருது மேடம், அவ்ளோதான், இதைத்தான் ரெண்டு வருஷம் சொல்லித்தராம விட்டிருக்கோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே மாசம் முடிவு வந்தது. பள்ளிக்கு நூறு வரவில்லை. திரும்பி வந்த ஏழு பேரில் நாலு பேர் பாஸ். அருள்ஜோதி கணக்கில் மட்டும் ஃபெயில். திண்டிவனம் ரோட்டுப் பள்ளி பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய பேனர் கட்டியது. பார்த்தாயா என்று கேட்பதற்காகவே சீதளநாதன் ஒரு வருஷத்தில் முதல்தடவையாகத் தங்கைக்கு போன் பண்ணினார்.

"பார்த்தேன்," என்றாள் ஜ்வாலாமாலினி. "அங்க ஒம்பதாவதுல எத்தினி பேரு இருந்தாங்கன்னு விசாரிச்சீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

துணைத்தேர்வில் அருள்ஜோதி கணக்கையும் முடித்தாள். அதைச் சொல்ல அமலோற்பவம் கடைக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஜ்வாலாமாலினி சந்தோஷத்தில் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ப்ளஸ் ஒன்னுக்கு நம் பள்ளியிலேயே இடம் வைக்கச் சொல்கிறேன், நானே காமராஜ் சாரிடம் பேசுகிறேன் என்றாள்.

அமலோற்பவம் கொஞ்சம் தயங்கினாள்.

"இல்லம்மா. அவ கவர்மெண்டு கேர்ள்ஸ் ஸ்கூல்ல நேத்தே போய் சேந்துட்டா. நாங்க சொன்னோம், அவ கேக்கல. அந்த ஸ்கூல்ல இனிமே கால் வெக்கமாட்டேன்னுட்டா. பரீட்சை எழுதணும்னுதான் ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு போனாளாம்."

 ஜ்வாலாமாலினி தலையை ஆட்டினாள். இருதயநாதனுக்கு வேண்டிய மாத்திரையை எடுத்து, வேளைக்கு வேளை பிரித்துக் கவரில் போட்டுக் கொடுத்தாள். தூறல் வலுக்கும் முன்னால் வல்லம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அமலோற்பவம் வேகமாகப் படியிறங்கினாள்.

அந்த வாரமே குழுக் கூட்டம் இருந்தது. ஜ்வாலாமாலினி மற்றவர்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முதல் விஷயம், எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போகப்போகிறார், ஒரு மாசத்துக்குள் அந்த இடத்துக்கு ஆள் போட வேண்டும் என்பது.